ஈயச்சொம்பு வேற, இந்தத் தட்டு வேற

இந்த வருஷத்துல இது மூணாவது கேஸ், அதான் எழுதுறேன். அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல ஏலத்துல எடுத்த ரெட்வேர்ங்கிற பழைய மண் தட்டு, விளிம்புல சில்லு போயிருச்சு ஒட்டித் தாங்கன்னு நம்ம தமிழ்க் குடும்பம் ஒண்ணு கொண்டுவந்தாங்க. செவப்பு மண்ணு, அதுமேல வெள்ளைக் களிமண் கரைசல இறகுக்குழல் வழியா ஊத்தி இழுத்த அலைக்கோடு, நடுநடுவுல பச்சைத் தீற்றல், 19ஆம் நூற்றாண்டு வேலை, கண்ணுல ஒத்திக்கலாம். ஆனா மோந்து பார்த்தா எலுமிச்சை ஊறுகாய் வாசனை! பதினஞ்சு நாளா அதுல போட்டு ஃபிரிட்ஜுல வச்சிருக்காங்க.

ஏங்க இப்படின்னா, “எங்க பாட்டி ஈயச்சொம்புலதான் ரசம் வச்சாங்க, தொண்ணூறு வயசு இருந்தாங்க”ங்கிறாங்க.

அய்யா, அம்மா. அந்த ஈயம் வெள்ளீயம் (tin). இது காரீயம் (lead), உடம்புக்குள்ள போனா விஷம். தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே பேர வச்சதுக்கு நான் என்ன பண்றது? பாட்டி சொம்பு சுத்தமான வெள்ளீயமா இருந்தா அது பாட்டுக்கு இருக்கும், அடுப்புல தண்ணியில்லாம வச்சா உருகும், அவ்ளோதான் அதோட தொல்லை. இந்தத் தட்டுல மினுமினுன்னு இருக்கே, அந்த மெருகே காரீயக் கண்ணாடி. வெள்ளைக்கோடு மஞ்சளா தெரியுறதும் அது வழியா பார்க்குறதாலதான். “இருநூறு வருஷமா கழுவியாச்சே, போயிருக்கும்”னு அடுத்து சொல்வீங்க. போறதுக்கு அது அழுக்கா? தேயத் தேய புதுப் பரப்புதான் வெளிய வரும். பச்சை இருந்தா இன்னும் மோசம், பச்சை நிறம் செம்பால வர்றது, செம்பு சேர்ந்த மெருகுல புளிப்பு பட்டா காரீயம் சீக்கிரம் கரைஞ்சு இறங்கும்.

இது இப்பதான் கண்டுபிடிச்ச சங்கதியும் இல்ல, 1785லயே பிலடெல்பியா பத்திரிகையில காரீய மெருகு வேணாம், ஸ்டோன்வேர் (காரீய மெருகு தேவைப்படாத, அதிக சூட்டுல சுட்ட கெட்டி மண்பாண்டம்) பண்ணுங்கன்னு எழுதிட்டாங்க. இன்னைக்கு லேபுல 4 சதவீத அசிட்டிக் ஆசிட்ட (வினிகர்ல இருக்கிற புளிப்பு) 24 மணி நேரம் ஊத்தி வச்சு எவ்ளோ காரீயம் இறங்குதுன்னு அளப்பாங்க. நீங்க வச்சது பதினஞ்சு நாள் ஊறுகாய்!

சோறு, புளிக்குழம்பு, பழம், எதுவும் அதுல வேணாம். மைக்ரோவேவ், டிஷ்வாஷர் கிட்டயே கொண்டுபோகாதீங்க. பளபளக்கணும்னு எலுமிச்சை, வினிகர் போட்டு தேய்க்கிறவங்கள என்ன சொல்றதுன்னே தெரியல. கடையில விக்கிற காரீய டெஸ்ட் கிட்ல கலர் மாறலன்னா சேஃப்னு நெனச்சுக்காதீங்க. ஏற்கெனவே சாப்பிட்டிருந்தா, முக்கியமா வீட்டுல சின்னப் பிள்ளையோ கர்ப்பிணியோ இருந்தா, டாக்டர்கிட்ட சொல்லி ரத்தத்துல காரீயம் பாருங்க, தயவுசெஞ்சு தள்ளிப்போடாதீங்க.

அதுக்காக தூக்கிப் போட்றாதீங்க, மனசு கேக்காது. குழந்தைக்கு எட்டாத ஷெல்ஃபுல நிறுத்தி வைங்க. விழுந்து உடைஞ்சா தொடப்பத்தால பெருக்காம சில்லெல்லாம் பொறுக்கி டப்பாவுல போட்டு, தூள ஈரத்துணியால தொடச்சு எடுங்க. டப்பாவ என்கிட்ட கொண்டாங்க, ஒட்டிக்கலாம்.