நூற்றொன்றாம் இடத்துப் பாட்டு

அமெரிக்காவின் பில்போர்டு இதழ் 1958 ஆகஸ்ட் 4 அன்று ‘ஹாட் 100’ என்னும் பாடல் தரவரிசைப் பட்டியலை வெளியிடத் தொடங்கியது. ஓராண்டு நிறைவதற்குள்ளாகவே, 1959 ஜூன் 1 முதல், அந்த நூறுக்குள் நுழைய முடியாமல் வாசலில் நின்ற பாடல்களுக்கென்று ‘பபுளிங் அண்டர்’ என்ற துணைப் பட்டியலையும் அச்சிட்டது. அவற்றுள் சில பாடல்கள் அடுத்தடுத்த வாரங்களில் மேலே ஏறின. ஏராளமானவை அங்கேயே சில வாரங்கள் நின்று, பின்னர் எவர் நினைவிலும் இல்லாமல் போயின. பழைய பாடல்களைத் தேடித்தேடிக் கேட்பவர்களுக்கு இந்தத் துணைப் பட்டியல் ஒரு புதையல். அதைக் கேட்கக் கேட்க ஒரு கேள்வி வலுக்கும்: நூறாம் இடத்துப் பாட்டில் இருந்த எது நூற்றொன்றாம் இடத்துப் பாட்டில் இல்லாமல் போயிற்று? பெரும்பாலான நேரங்களில் எதுவுமே இல்லாமல் போகவில்லை என்பதே என் துணிபு. அந்தத் துணிபுக்குப் பின்னால் கணக்கும் உளவியலும் மிக அழகான ஒரு சோதனையும் இருக்கின்றன.

முதலில் எண்களின் இயல்பைக் காண்போம். ஒரு வாரத்தின் விற்பனையை இறங்குவரிசையில் அடுக்கினால் உச்சியில் ஒவ்வொரு படிக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும். கீழே வர வர அது சுருங்கிக்கொண்டே போகும். கணக்கின் வசதிக்காக, விற்பனை தரவரிசை எண்ணுக்கு எதிர்விகிதத்தில் இருப்பதாகக் கொள்வோம். முதலிடத்துப் பாட்டு 1,00,000 இசைத்தட்டுகள் விற்றால் இரண்டாம் இடத்துப் பாட்டு 50,000 தட்டுகள் விற்கும். நூறாவது பாட்டு 1,000 தட்டுகளும் 101ஆவது பாட்டு 990 தட்டுகளும் விற்கும். உச்சியில் 50,000 தட்டுகளாக இருந்த வேறுபாடு இங்கே வெறும் 10 தட்டுகள். தற்செயலாக நிகழும் ஒன்றை எண்ணும்போது, எண்ணிக்கை ஆயிரமாக இருந்தால், அதன் இயல்பான ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஆயிரத்தின் வர்க்கமூலமாகும், அதாவது 32 என்று புள்ளியியல் சொல்கிறது. வேறுபாடோ பத்து; ஊசலாட்டமோ முப்பத்திரண்டு. ஒரு நகரத்தில் ஒரு நாள் அடைமழை பெய்தாலும், ஒரு கடைக்கு ஒரு பெட்டிச் சரக்கு வந்து சேரத் தாமதமானாலும் அந்த இரண்டு பாடல்களும் இடம் மாறிக்கொள்ளும்.

அளக்கும் கருவியின் குறைகளை இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனின் முதல் பட்டியல் 1952 நவம்பர் 14 அன்று ஓர் இசை வார இதழில் வெளிவந்தபோது, சில கடைகளுக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்ட விவரமே அதன் அடிப்படையாக இருந்தது. அமெரிக்காவிலும் 1991 வரை கடைக்காரர்கள் சொன்னதையே நம்ப வேண்டியிருந்தது. பட்டைக்குறியீட்டை வருடி உண்மையான விற்பனையை எண்ணும் முறை அந்த ஆண்டில்தான் வந்தது. விதிகளும் தம் பங்குக்குப் பாடல்களை வெளியே நிறுத்தின. தனி இசைத்தட்டாகக் கடைக்கு வராத பாடல் ஹாட் 100இல் இடம்பெறக் கூடாது என்ற விதி 1998 டிசம்பர் வரை இருந்தது. இதனால், ‘நோ டவுட்’ குழுவின் ‘டோன்ட் ஸ்பீக்’ பாடல் வானொலி ஒலிபரப்புப் பட்டியலில் 16 வாரங்கள் முதலிடத்தில் இருந்தும் ஹாட் 100இல் ஒரு வாரம்கூடத் தோன்றவில்லை. இன்னொரு வகை இழப்பு காலத்தால் நேர்வது. ஒரு பாட்டு ஒரு நகரத்தில் மார்ச்சிலும், இன்னொரு நகரத்தில் மே மாதத்திலும், மூன்றாவது நகரத்தில் ஆகஸ்டிலும் கொண்டாடப்பட்டால் அதன் மொத்த விற்பனை கணிசமாகவே இருக்கும். ஆனால் வாரம் வாரமாக வெட்டி அளக்கும் பட்டியலின் கண்ணுக்கு அது எந்த வாரத்திலும் பெரிதாகத் தெரியாது.

இதுவரை சொன்னது அளவீட்டுப் பிழை. அது மட்டும்தான் சிக்கல் என்றால் சிறிய அநீதிகளோடு கதை முடிந்திருக்கும். பட்டியல் அளப்பதோடு நிற்காமல் தான் அளப்பதையே மாற்றவும் செய்கிறது என்பதுதான் பெரிய செய்தி.

ராபர்ட் சயோன்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் வெளியிட்ட ஆய்வு, முன்பின் அறியாத ஒன்றைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதனாலேயே நமக்கு அதன்மீது விருப்பம் கூடுகிறது என்று காட்டியது. ஏற்கெனவே கேட்ட மெட்டை மூளை எளிதாகப் பின்தொடர்கிறது. அந்த எளிமையை நாம் இனிமை என்று எடுத்துக்கொள்கிறோம். அளவு மீறினால் சலிப்பு வரும் என்பதும் உண்மைதான். ஆயினும் சலிப்பு வரும் அளவுக்கு ஒலிக்கும் வாய்ப்பைப் பெறும் பாடல்கள் மிகச் சில. எனவே, ஒரு பாட்டின் விதியை எழுதுவதில் அது எத்தனை காதுகளை எத்தனை முறை எட்டுகிறது என்பதற்குப் பெரும் பங்கு இருக்கிறது.

எட்டுவது என்றால் என்ன என்பதைப் பழனி மலைத்தொடரில் இருப்பவர்கள் தலைக்கு மேலேயே பார்க்கலாம். கொடைக்கானலில் இருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் கோடை பண்பலை, மலைக்குக் கீழே மதுரை, திண்டுக்கல், தேனி என்று விரிந்த நிலப்பரப்பில் கேட்கும் வானொலி. பண்பலை அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. மத்திய அலைகளைப் போல நிலத்தின் வளைவைத் தழுவிக்கொண்டு தொலைவு போகாதவை. ஆகையால் ஒலிபரப்பும் கம்பம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தொலைவுக்கு அதன் தொடுவானம் விரியும். மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 என்ற எண்ணால் பெருக்கினால் அந்தத் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். சமவெளியில் 100 மீட்டர் உயரக் கம்பத்திற்கு அது 41 கிலோமீட்டர். 2,000 மீட்டர் உயர மலைமுகட்டுக்கு 184 கிலோமீட்டர். தொலைவு நாலரை மடங்குதான் கூடுகிறது. ஆனால் சூழ்ந்திருக்கும் பரப்பளவு இருபது மடங்காகிறது. அலையின் வலிமையும் நிலத்தின் மேடுபள்ளங்களும் இந்தக் கணக்கைக் குறைக்கும் என்றாலும், மலை தரும் ஆதாயத்தை மறுக்க இயலாது. ஒலிபரப்பறையில் ஒருவர் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பல மாவட்டங்களின் வயல்களிலும் தறிக்கூடங்களிலும் தேநீர்க் கடைகளிலும் அது ஒரே நொடியில் ஒலிக்கிறது. அவர் அதன் பக்கத்தில் இருந்த இன்னொரு பாட்டை எடுத்திருந்தால் அந்த வாய்ப்பு முழுவதும் அதற்குப் போயிருக்கும்.

இனி, அந்த அழகான சோதனைக்கு வருவோம். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரும் 2006இல் சயன்ஸ் இதழில் அதன் முடிவை வெளியிட்டனர். எவருக்கும் அறிமுகமில்லாத குழுக்களின் 48 பாடல்களை ஓர் இணையதளத்தில் வைத்து, அங்கு வந்த 14,341 பேரை அவர்கள் அறியாமலே பல பிரிவுகளாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்குப் பாடலின் பெயரும் குழுவின் பெயரும் மட்டுமே தெரிந்தன. அவர்கள் தம் காதை மட்டும் நம்பிக் கேட்டு, மதிப்பெண் அளித்து, விரும்பியதைப் பதிவிறக்கிக்கொண்டனர். மற்றவர்கள் எட்டுத் தனித்தனி உலகங்களில் விடப்பட்டனர். தம் உலகத்தில் தமக்கு முன் வந்தவர்கள் எந்தப் பாட்டை எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்பதை அவர்களால் பார்க்க முடிந்தது. அடுத்த உலகத்தில் நடப்பது தெரியாது. எட்டு உலகங்களும் ஒரே புள்ளியில், அனைத்துப் பாடல்களும் சுழியத்தில் இருக்கும் நிலையில் தொடங்கின. வரலாற்றை எட்டு முறை மீண்டும் ஓடவிட்டுப் பார்ப்பதற்கு இதைவிட நேர்த்தியான வழியை நான் அறிந்ததில்லை.

பிறர் தேர்வு தெரிந்த உலகங்களில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே இருந்த இடைவெளி பெருகியது. ஆனால் வென்ற பாடல்கள் உலகத்துக்கு உலகம் வேறுபட்டன. தனித்துக் கேட்டவர்கள் 26ஆம் இடத்தில், ஏறத்தாழ நடுவில் வைத்த ஒரு பாட்டு ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்தது. இன்னோர் உலகத்தில் 40ஆம் இடத்துக்கு இறங்கியது. பாடல்களைக் கலைத்துப் பரப்பி வைக்காமல் பதிவிறக்க எண்ணிக்கையின்படி வரிசையாக அடுக்கிக் காட்டியபோது, அதாவது நாம் அறிந்த தரவரிசைப் பட்டியலின் வடிவிலேயே காட்டியபோது, ஏற்றத்தாழ்வு இன்னும் கூடியது. மிகச் சிறந்த பாடல்கள் மிக மோசமாகத் தோற்பது அரிதாக இருந்தது. மிக மோசமானவை வெல்வதும் அரிது. இடைப்பட்ட பெருங்கூட்டத்துக்கு எது வேண்டுமானாலும் நிகழலாம் என்றிருந்தது. நூலிழையில் தவறிய பாடல்கள் அனைத்தும் அந்த இடைப்பட்ட கூட்டத்தில்தான் இருக்கின்றன.

இதன் கணித எலும்புக்கூட்டை எக்கன்பெர்கரும் போல்யாவும் 1923லேயே எழுதிவைத்திருந்தார்கள். ஒரு பானையில் ஒரு சிவப்பு மணியும் ஒரு வெள்ளை மணியும் இருக்கின்றன. பார்க்காமல் ஒன்றை எடுத்து, அதைத் திரும்பப் போட்டு, அதே நிறத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் போட வேண்டும். முதலில் சிவப்பு வந்தால் அடுத்த முறை சிவப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டாகிறது. மறுபடியும் வந்தால் நான்கில் மூன்றாகிறது. ஆயிரம் முறை எடுத்தபின் நிறங்களின் விகிதம் ஏறத்தாழ நிலைத்துவிடும். ஆனால் எந்த விகிதத்தில் நிலைக்கும் என்பதைத் தொடக்கத்தில் எவராலும் சொல்ல முடியாது. எல்லா விகிதங்களும் சம வாய்ப்புள்ளவை. முதல் சில மணிகள் எப்படி விழுந்தன என்பதே மிகுதியைத் தீர்மானிக்கிறது. இரண்டு மணிகளுக்கும் நிறத்தைத் தவிர வேறு வேறுபாடு இல்லை என்பதை மறக்கக் கூடாது.

ஆய்வகத்துக்கு வெளியிலும் இப்படி இரண்டு உலகங்கள் பிரிந்ததுண்டு. டெட்ராய்ட் நகரத்துப் பாடகர் ரோட்ரிகஸ் 1970இல் வெளியிட்ட ‘கோல்டு ஃபேக்ட்’ தொகுப்பு அமெரிக்காவில் விற்கவில்லை. அதே தொகுப்பு தென்னாப்பிரிக்காவில் ஒரு தலைமுறையின் குரலாகவே ஆகிவிட்டது. அந்தப் புகழைப் பாடகரே 1990களின் இறுதியில்தான் அறிந்தார். பாட்டு மாறவில்லை, குரல் மாறவில்லை; முதலில் கேட்டவர்கள் யார், அவர்கள் யாரிடம் சொன்னார்கள் என்பது மட்டுமே மாறியது. ‘பிக் ஸ்டார்’ குழுவின் 1972ஆம் ஆண்டுத் தொகுப்பை விமர்சகர்கள் பாராட்டினார்கள், ஆனால் விநியோகக் குளறுபடியால் தட்டுகள் கடைகளுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்களுடைய பானையில் முதல் மணி விழவே இல்லை.

எங்கள் மலையிலும் கேசட் காலத்தில் இத்தகைய தனி உலகங்கள் இருந்தன என்றே கருதுகிறேன். வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதையில் ஏறிவரும் வேன் ஓட்டுநர் எந்தக் கேசட்டை வைத்திருந்தாரோ, பூம்பாறையிலும் தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டியவர் எதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாரோ அதுவே அந்த ஊரின் பாட்டாயிற்று. முகடுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பள்ளத்தாக்குகளில் வானொலி அலை சரியாக விழாது. ஆகவே வெளியுலகின் தேர்வு அங்கே மெதுவாகத்தான் நுழைந்தது. படம் ஓடாமல் பாட்டும் மறைந்துபோன சில மெட்டுகளை மேல்மலைப் பெரியவர்கள் இன்றும் வரி பிசகாமல் பாடுவார்கள்; சமவெளியில் அவற்றைச் சொன்னால் ‘எந்தப் படம்?’ என்று கேட்பார்கள். இது முறைப்படி திரட்டிய தரவு இல்லைதான். என்றாலும் சால்கனிக்கின் எட்டு உலகங்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு இந்த ஊர்கள்தாம் நினைவுக்கு வருகின்றன.

அப்படியென்றால் பாட்டுக்குள் எதுவுமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அதை எடுத்துக் கணிப்பது கடினம். பிரான்சுவா பாஷே, பியர் ரோய் என்ற ஆய்வாளர்கள் 2008இல் 32,000 பாடல்களைக் கணினிக்குக் கொடுத்து ஆராய்ந்தபோது, ஒலியின் பண்புகளை மட்டும் கொண்டு புகழைக் கணிக்க முடியவில்லை. கிரெகரி பெர்ன்ஸ் என்ற மூளை ஆய்வாளர், பதின்பருவத்தினர் பாடல் கேட்கும்போது அவர்களின் மூளையைப் படம்பிடித்து, பிற்காலத்து விற்பனையோடு ஒப்பிட்டார். அவர்கள் வாயால் சொன்ன விருப்பம் விற்பனையோடு பொருந்தவில்லை. மூளையின் இன்ப மையத்தில் எழுந்த கிளர்ச்சி ஓரளவு பொருந்தியது. ஓரளவு மட்டுமே. பாட்டுக்குள் இருந்தும் பட்டியல் காணத் தவறியதைக் காலம் சில நேரங்களில் திருப்பித் தருகிறது: கேட் புஷ் 1985இல் பாடிய ‘ரன்னிங் அப் தட் ஹில்’ அப்போது பிரிட்டனில் மூன்றாம் இடத்தோடு நின்றது, ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஒலித்தபின் 2022 ஜூனில் முதலிடத்தை அடைந்தது.

சால்கனிக்கும் வாட்ஸும் 2008இல் இன்னொரு சோதனையை வெளியிட்டனர். இம்முறை பட்டியலைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பாட்டை முதலிடத்திலும் முதல் பாட்டைக் கடைசியிலும் இருப்பதாகக் காட்டினர். பெரும்பாலான பாடல்கள் அந்தப் பொய்யை மெய்யாக்கின: மேலே வைத்தவை மேலேயே தங்கின, கீழே தள்ளியவை கீழேயே கிடந்தன. மிகச் சிறந்த சில பாடல்கள் மட்டும், பட்டியலின் அடியிலிருந்து, மெல்ல மெல்ல மேலே ஏறின. திருப்பிய உலகங்களில் இன்னொன்றும் நடந்தது: மக்கள் பதிவிறக்கிய பாடல்களின் மொத்த எண்ணிக்கையே குறைந்துபோனது.