வயலுக்குப் போகிற வழியில் மின்சாரம்

குமுளியிலிருந்து கம்பத்துக்கு இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், மலைச்சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்குவதைப் பார்க்கலாம். அவை போய் முடிகிற இடம் லோயர் கேம்ப்பில் உள்ள பெரியாறு நீர்மின் நிலையம்.

முல்லைப் பெரியாறு என்றாலே எங்கள் பக்கம் முதல் கேள்வி, "தண்ணி எத்தனை அடி?" என்பதுதான். மின்சாரத்துக்கு அந்த அடிக்கணக்கு அவ்வளவு முக்கியமில்லை. மேட்டூரில் அணைக்கு அடியிலேயே ஒரு மின்நிலையம் இருக்கிறது. அங்கே நீர்மட்டம் குறையக் குறைய, விழும் தண்ணீரின் வேகமும் குறையும். இங்கே கதை வேறு. அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றைப் பென்னிகுக் மறித்து, மலையைக் குடைந்து, 1895ல் கிழக்கே திருப்பினார். சுரங்கம் தாண்டி வரும் தண்ணீர் மலை விளிம்பில் போர்பை அணை என்ற சிறு தேக்கத்தில் நிற்கிறது. அங்கிருந்துதான் குழாய் வழியே ஆயிரம் அடிக்கு மேல் இறங்குகிறது. அணையின் நீர்த்தேக்கமான தேக்கடி ஏரி பத்தடி வற்றினாலும் இந்த இறக்கம் மாறாது. இங்கே மின்சாரம் தருவது அணையின் உயரத்தைவிட மலையின் உயரம்தான்.

குழாயின் அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் முப்பது கிலோவுக்கு மேல் அழுத்தியபடி தண்ணீர் டர்பைனைச் சுழற்றுகிறது. அதோடு ஒரே தண்டில் கோத்த காந்தம் செம்புச் சுருள்களுக்கு நடுவே சுழல, மின்சாரம் பிறக்கிறது. விநாடிக்கு 400 கன அடி தண்ணீர் வந்தால் சுமார் 36 மெகாவாட் கிடைக்கும். நம் வீட்டு மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு தொட்டித் தண்ணீர் மலையிறங்கினால் ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக மின்சாரம் வரும். 400 கன அடி என்பது விநாடிக்குப் பதினோரு தொட்டி! நான்கு எந்திரங்களும் ஓடினால் 168 மெகாவாட்.

அணை கட்டியது பாசனத்துக்காக. மின்நிலையம் 1950களின் கடைசியில்தான் வந்தது. மின்சாரத்துக்காகக் கேரளத்துடன் 1970ல் தனி ஒப்பந்தமும் போட்டார்கள். இன்றைக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லுக்கு எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்களோ, அதை வைத்துத்தான் எந்திரம் ஓடும். பாசனம் முதலில், மின்சாரம் பிறகு என்ற இந்த வரிசை சரியானது என்றே நான் நினைக்கிறேன். டர்பைனைச் சுற்றிய தண்ணீரில் ஒரு சொட்டும் குறைவதில்லை. வெளியேறி, குருவனூத்துப் பக்கம் சிறு மின்நிலையத்தில் இன்னொரு முறை சக்கரம் சுற்றிவிட்டு வயலுக்குப் போகிறது.

கோடையில் குடிநீருக்கென்று 100 கன அடி மட்டும் திறக்கும் நாட்களில் எந்திரங்கள் நின்றுவிடும். அப்போது குழாய்கள் சும்மா கிடக்க, தண்ணீர் இரைச்சல்பாலம் என்ற இடம் வழியாகப் பாறைகளில் மோதிச் சத்தமிட்டுக்கொண்டு இறங்கும்.