லேண்ட்ஸ்கேப்: இயற்கைக் காட்சியும் அன்று, திணையும் அன்று

'வரலாற்று இயற்கைக் காட்சி' என்று இன்னொரு முறை படிக்க நேர்ந்தால் பொறுக்க மாட்டேன். 'ஹிஸ்டாரிக் லேண்ட்ஸ்கேப்' என்றாலே நம் மொழிபெயர்ப்பாளர்கள் இதைத்தான் எழுதுகிறார்கள்.

சொல்லின் மூலம் டச்சு 'லாண்ட்ஸ்காப்'. அங்கே வட்டாரத்தைக் குறித்த சொல், ஓவியர்கள் வழியாக ஆங்கிலம் புகுந்தபோது காட்சியாயிற்று. இன்று பாரம்பரியப் பாதுகாப்புத் துறையினர் அதை மனிதரும் நிலமும் சேர்ந்து உருவாக்கியதற்கே ஆள்கிறார்கள்.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துச் செயென் நகரைப் பாருங்கள். சுமார் 6,000 அடி உயரத்தில் வறண்ட மேட்டுச் சமவெளி. 1867-இல் யூனியன் பசிபிக் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் கிரென்வில் டாட்ஜ் இடம் குறித்தார். மேற்கே ரயில் ஏற வேண்டிய ஷெர்மன் மலைச்சரிவு. அதற்குமுன் நீராவி என்ஜின்களைப் பழுதுபார்த்து, நீரும் கரியும் நிரப்ப ஓர் ஊர் வேண்டியிருந்தது. பழைய தெருக்கள் வடக்கு தெற்கு பார்க்காமல் தண்டவாளத்தை ஒட்டிச் சாய்ந்து கிடக்கின்றன. கேப்பிட்டல் அவென்யூவின் ஒரு முனையில் மணற்கல் ரயில் நிலையம், மறுமுனையில் சட்டமன்றம். நிழல்மரங்கள்கூடப் பெரும்பாலும் நட்டு, நீர்விட்டு வளர்த்தவை. இதில் எது இயற்கைக் காட்சி?

தனித்தமிழ் அன்பர்கள் லேண்ட்ஸ்கேப்புக்குச் சங்க இலக்கிய நிலப்பகுப்பான 'திணை' என்கிறார்கள். ஆசை எனக்கும் உண்டு. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரியதாகச் சொல்லும் கருப்பொருளில் மரமும் விலங்கும் மட்டுமன்றித் தொழிலும் பறையும் தெய்வமும் அடங்கும். ஓவியச் சட்டத்துக்குள் சிக்காத பார்வை அது. ஆனால் திணை என்பது நிலத்தின் வகை; ஒரு குறிப்பிட்ட ஊரின் வரலாறு அதில் ஏறாது. திணைக்குரிய காதல் உணர்வான உரிப்பொருளை என்ன செய்வது? வறட்சி என்றதும் பாலை என்று எழுதிவிட்டால் பிரிவும் உடன்வரும். செயென் புல்வெளியும் கால்நடையுமாக வாழ்ந்த ஊர். கணக்குப் பார்த்தால் முல்லைக்கே நெருக்கம்; முல்லைக்கு உரிப்பொருள் காத்திருத்தல். அப்புறம் அங்கே யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று தேட வேண்டும்! போதாததற்கு உயர்திணை, அஃறிணை என்று இலக்கணமும் அச்சொல்லைப் பிடித்து வைத்திருக்கிறது.

'நிலப்பரப்பு' என்றால் ஏக்கர் கணக்கு. 'நிலத்தோற்றம்' மலை, பள்ளத்தாக்கு என்று புவியியல் பாடநூலுக்குப் போய்விட்டது. 'நிலக்கோலம்' என்பேன். கோலம் வடிவத்தையும் குறிக்கும், புனைந்ததையும் குறிக்கும்; காலந்தோறும் மாறவும் செய்யும். 'வரலாற்று நிலக்கோலம்' என்றால் என்ஜின் கொட்டகைக்கும் அதில் இடமுண்டு. 'இயற்கைக் காட்சியைப் பாதுகாக்க வேண்டும்' என்று அறிக்கையில் எழுதிப் பாருங்கள்: புல்லுக்கு வேலி போட்டுவிட்டு, தண்டவாளத்தைப் பெயர்த்து இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.