ஃபோனில் வராத செய்தி

குறுவை அறுவடையின்போது மன்னார்குடிப் பக்கம் ஒரு கொள்முதல் நிலையத்துக்குச் செய்தி எடுக்கப் போயிருந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்ட நெல், தார்ப்பாய்க்கு அடியில் வெள்ளையாக முளைவிட்டுக் கிடந்தது. காவலுக்கு உட்கார்ந்திருந்த பெரியவர் அதில் ஒரு கை அள்ளி நீட்டினார். "நேத்தெல்லாம் ஃபோன்ல பாத்தேன் தம்பி, கொள்முதல் ஜோரா நடக்குதுன்னுதான் வருது. இதெல்லாம் எதுலயும் வரலியே?"

அவர் ஃபோனை வாங்கிப் பார்த்தேன். அதிகாரிகள் மூட்டைகளைப் பார்வையிடும் வீடியோக்கள்தான் வரிசையாக வந்தன. முளைத்த நெல்லைப் பற்றிப் போன வாரம் நான் போட்ட வீடியோவைக் காணோம், சேனல் பெயரைச் சொல்லித் தேடினால்தான் வந்தது. இதில் அரசு கை வைத்தது என்று நான் சொல்லவில்லை. அதிகாரி வீடியோக்களை அவரே கடைசிவரை பார்த்திருப்பார், யாருக்கு எதைப் பரிந்துரைப்பது என்று முடிவு செய்யும் அல்காரிதமும் அதையே பரிமாறியிருக்கும். எதுவானாலும் நிரூபிக்க வழியில்லை, என் கவலையே அதுதான்.

முடக்கினால் தடயம் இருக்கும். 2025 பிப்ரவரியில் ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளம் முடங்கியபோது, பக்கம் திறக்கவில்லை என்று வாசகர்களுக்கே தெரிந்தது, நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, கார்ட்டூனைத் தற்காலிகமாக நீக்கினால் தடையை விலக்கலாம் என்று மார்ச்சில் உத்தரவும் வந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் போடும் முடக்க உத்தரவுகளை ரகசியமாக வைக்க 2009 விதிகள் சொல்கின்றன, அப்படியிருந்தும் விஷயம் வெளியே வந்துவிடுகிறது. பரிந்துரையில் மூன்றாவது இடத்தில் இருந்தது முந்நூறாவது இடத்துக்குப் போனால்? எந்த உத்தரவை எதிர்த்து வழக்குப் போடுவது?

அதற்கு உத்தரவே தேவையில்லை என்பதுதான் என் அனுமானம். அரசு நோட்டீஸ் வந்தும் பதிவை எடுக்காத தளம், பிறர் போடும் பதிவுகளுக்குத் தளம் பொறுப்பாகாது என்று அதே சட்டத்தின் 79ஆம் பிரிவு தரும் பாதுகாப்பை இழக்கலாம். அந்த நோட்டீஸ்களை அனுப்ப 2024இல் சஹ்யோக் என்று ஒரு போர்ட்டலே வந்தது. ஒன்றிய அரசு மட்டுமில்லை, மாநில போலீஸும் அதில் அனுப்பலாம் (இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று சண்டைக்கு வருகிறவர்கள் கவனிக்க). அதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் போட்ட வழக்கை 2025 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இப்படி ஒரு கத்தி தலைக்கு மேல் தொங்கும்போது, வம்பு எதற்கு என்று சில விஷயங்களை முன்கூட்டியே கொஞ்சம் கீழே இறக்கி வைக்கத் தோன்றாதா?

சீனாவில் இதில் ஒளிவுமறைவு இல்லை, பரிந்துரை எப்படி இருக்க வேண்டும் என்று 2022 மார்ச் முதல் அரசின் விதியே இருக்கிறது. ஐரோப்பாவில் பெரிய தளங்கள், நம் பழக்கவழக்கத்தை வைத்துக் கணிக்காத பரிந்துரையையும் தேர்ந்தெடுக்க வழி தர வேண்டும். நமக்கு இதுவும் இல்லை, அதுவும் இல்லை.

சரி, அந்தப் பெரியவருக்கு என்ன செய்தேன்? யூடியூபில் அவர் இதுவரை பார்த்தவற்றின் ஹிஸ்டரியை அழித்து நிறுத்தி வைத்தேன், முகப்பு காலியாகிவிட்டது. "என்ன தம்பி, ஒண்ணுமே வரல?" இனி தானாக வராது ஐயா, நீங்களாகக் கேட்டால்தான் வரும் என்று மைக்கைக் காட்டினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "மன்னார்குடி நெல்லு கொள்முதலு" என்றார். முளைத்த நெல் வீடியோ ஒன்று மேலேயே வந்தது. கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது போன வருசம் முளைச்சதுல்ல?"