சூடி, த்ரெட், மரை

உலோகக் குழாய், திருகாணி, புட்டி மூடி ஆகியவற்றின் உருண்டைப் பரப்பில் சுருளாக ஏறிச் செல்லும்படி வெட்டப்பட்ட பள்ளத்தையும், அப்பள்ளத்தின் கரையாக எஞ்சி நிற்கும் மேட்டையும் சேர்த்துக் குறிக்கும் தமிழ்ச்சொல் மரை. ஆங்கிலம் இதனை த்ரெட் என்கிறது. மும்பையில் குழாய் வேலை பார்க்கும் தமிழர் வாயில் இவ்விரண்டைக் காட்டிலும் மிகுதியாகப் புழங்குவது சூடி என்னும் இந்திச்சொல். பேச்சில் இம்மூன்றுள் ஏதேனும் ஒன்று வந்துவிடுகிறது. எழுத உட்கார்ந்தால் மட்டும் நம்மவர் சிலர் மூன்றையும் ஒதுக்கிவிட்டு, ஆங்கிலச்சொல்லின் நேர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டு ‘நூல்’ என்றோ ‘இழை’ என்றோ எழுதிவிடுகிறார்கள். அது ஏன் பொருந்தாது என்பதைச் சொல்வதற்கே இக்குறிப்பு.

தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய அண்ணாச்சி ஒருவர் குழாய்க்கடை வைத்திருக்கிறார். கேட்ட நீளத்துக்கு ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை அறுத்து, முனையில் கையாலேயே மரை வெட்டித் தருவது அவர் தொழில். வாடிக்கையாளர் எந்த மொழிக்காரராயினும் அவர் கேட்கும் கேள்வி, “ரெண்டு பக்கமும் சூடி போடணுமா, ஒரு பக்கம் போதுமா?” என்பதுதான், என்னிடமும் அப்படித்தான் கேட்பார். ஆனால் வெட்டி முடித்துக் குழாயைத் துடைத்து, கட்டைவிரல் நகத்தால் முனையை வருடிப் பார்த்த பிறகு, உதவிக்கு நிற்கும் பையனிடம், “மரை சுத்தமா விழுந்திருக்குலே” என்பார். வியாபாரத்துக்குச் சூடியும் வேலையின் தரத்துக்கு மரையும் என்று அவர் வாயில் சொற்கள் தாமாகவே பிரிந்துகொண்டன போலும்.

இந்தியில் சூடி என்றால் வளையல். கையில் அடுக்கிய வளையல்களைப் போல வரிவரியாகத் தெரிவதால் வந்த பெயர் அது. கண்ணுக்கு அழகான உவமை. எனினும் அதில் ஒரு குறை உண்டு. வளையல்கள் தனித்தனி வட்டங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஏறிச் செல்ல வழி கிடையாது. மரையோ தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கோடு. ஒரு சுற்றுக்கு ஒரு படி என்று அது ஏறிச் செல்வதால்தான் திருகும்போது குழாய் உள்ளே நகர்கிறது. ஊரிலிருந்து புதிதாக வரும் பையனுக்கு இச்சொல் வேறொரு தொல்லையும் தரும்: மலரையும் முடியையும் சூடிப் பழகிய தமிழ்க் காதுக்குக் குழாய் எதைச் சூடுகிறது என்று விளங்கச் சில நாளாகும். மராத்தியர் இதனை ஆட்டே என்பர். தெலுங்கில் மர என்பது திருகின் மரையையும் இயந்திரத்தையும் ஒருங்கே குறிக்கும். திருகாணிக்கு அவர்கள் வழங்கும் பெயர் மரமேகு. மலையாளத்தில் பிரி, பிரியாணி. இக்கடைசிச் சொல்லைக் கேட்டுப் பசி எடுத்தால் அதற்கு நான் பொறுப்பல்ல. முறுக்கு என்னும் பொருளுடைய நம் ‘புரி’ என்னும் சொல்லும் ஆணியும் சேர்ந்ததே அது.

இனி நூலுக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கொத்தனாருக்கும் தச்சருக்கும் நூல் என்பது ஓர் அளவு: அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நாலு நூல் என்றால் அரை அங்குலம், ஆறு நூல் என்றால் முக்கால் அங்குலம். மும்பைப் பட்டறைகளில் இதே அளவை அதே பொருளுடைய இந்திச்சொல்லால் சூத் என்கிறார்கள். நிலைமை இவ்வாறிருக்க, அரை அங்குலக் குழாயில் அங்குலத்துக்கு 14 மரை வர வேண்டும் என்னும் விதியை ‘அங்குலத்துக்கு 14 நூல்’ என்று எழுதினால், அங்குலத்துக்கு எட்டு நூல்தானே, மீதி ஆறு நூல் எங்கிருந்து வந்தது என்று தொழிலாளி கேட்பார். அவர் கேட்பதே நியாயம். போதாக்குறைக்கு, மெய்யான நூலும் இவ்வேலையில் உண்டு. மரை வெட்டிய முனையில் சஃபேதா என்னும் வெள்ளைப் பூச்சைத் தடவி, அதன்மேல் பருத்தி நூலையோ சணலையோ சுற்றிய பிறகே, குழாய்களை இணைக்கும் துண்டான சாக்கெட்டில் திருகுவது பழைய வழக்கம். இப்போது டெஃப்லான் டேப் அவ்விடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. “மரையில் நூலைச் சுற்று” என்பது தெளிவான கட்டளை. மொழிபெயர்ப்பாளர் பேச்சைக் கேட்டால் “நூலில் நூலைச் சுற்று” என்று சொல்ல வேண்டிவரும்.

ஆங்கிலச்சொல்லின் வேரைப் பார்த்தாலும் நூல் முதலில் வரவில்லை. பழைய ஆங்கிலத்தில் முறுக்குதல், திருப்புதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது த்ரெட். முறுக்கப்பட்டது என்பதே அதன் அடிப்பொருள். பஞ்சை முறுக்கினால் நூலாகிறது என்பதால் நூலுக்கும், வடிவம் முறுக்கிவிட்டதுபோல் இருப்பதால் திருகுக்கும் அப்பெயர் சென்றது. ஆகவே மூலப்பொருளோடு ஒட்டிய தமிழ்ச்சொல் வேண்டுமென்றால் அது புரிதான். முறுக்குதல் என்னும் பொருளில் முப்புரி நூல், வைக்கோற்புரி, வலம்புரி என்று அச்சொல் நம்மிடம் நெடுங்காலமாக வாழ்கிறது. கலைச்சொல் ஆக்குவோர் திருகுபுரி என்று எழுதுவதும் இதனால்தான். அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பட்டறையில் எவரும் புரி வெட்டச் சொல்வதில்லை. உயிரோடு இருக்கும் சொல் மரையாக இருக்க, அதனை விலக்கிவிட்டு இன்னொன்றை ஏற்றி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு முழுச் சுற்றை எண்ணிச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும், ‘மூன்று புரி கையால் ஏறிற்று’ என்பதுபோல, அதனை வைத்துக்கொள்ளலாம்.

புரியை எடுத்தாள்வோர் ஓரிடத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வலப்புறம் திருகினால் இறங்கும் வழக்கமான மரையை ‘வலம்புரி மரை’ என்று எழுதத் தோன்றும். கடையில் கிடைக்கும் சாதாரணச் சங்கு ஒன்றை எடுத்து, அதன் கூர்முனையை மரக்கட்டையில் ஊன்றித் திருகுவதாக எண்ணிப் பாருங்கள்: அதன் சுருள் வலப்புறம் திருகினால்தான் இறங்கும் திசையில் அமைந்திருக்கிறது. அதுவோ நம் வழக்கில் இடம்புரி. அரிதாகக் கிடைக்கும் வலம்புரிச் சங்கின் சுருள் இதற்கு நேர்மாறானது. மிதிவண்டியின் இடப்பக்க மிதிகட்டையிலும், அசிட்டிலீன் உருளையின் இணைப்பிலும் வருகிறதே, அந்த எதிர்மரையின் திசை அது. சங்கைப் பிடித்துப் பார்க்கும் முறையிலிருந்து வந்த பெயரை மரைக்கு மாற்றினால் பொருள் தலைகீழாகிவிடும். வலத்திருகு மரை, இடத்திருகு மரை என்று சொல்லிவிட்டால் குழப்பம் இல்லை.

வெட்டுதல் என்னும் வினை ஏன் மரையோடு சேர்கிறது என்பதை, வேலையை அருகிருந்து பார்த்தால்தான் உணரலாம். அண்ணாச்சி முதலில் குழாயை அசையாமல் பிடித்துக்கொள்ளும் கருவியான வைஸில் இறுக்குவார். அந்த வைஸுக்கு மும்பைப் பெயர் பாங்க். அறுத்த முனை நேர்கோணத்தில் இருக்கிறதா என்று பார்த்து, உள்விளிம்பில் நிற்கும் பிசிறை அராவி எடுத்து, வெளிவிளிம்பையும் சற்றே சரிவாக்குவார். பிறகு, நான்கு வெட்டுப்பற்கள் பொருந்திய டையை முனையில் ஏற்றி, ஒரு கையின் உள்ளங்கையால் அதனைக் குழாயின் மேல் அழுத்திக்கொண்டே மறுகையால் பிடியைத் திருப்புவார். முதல் இரண்டு சுற்றில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அழுத்தம் குறைந்தாலோ டை சாய்ந்தாலோ மரை கோணலாகத் தொடங்கிவிடும். கோணலாகத் தொடங்கிய மரையை நடுவில் நிமிர்த்த எவராலும் முடியாது, முனையை அறுத்து எறிந்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். பற்கள் இரும்பைக் கவ்விவிட்டால் அழுத்தம் தேவையில்லை. தான் வெட்டிய மரையையே படியாகக் கொண்டு டை தானே முன்னேறும். எண்ணெய் விட்டுக்கொண்டே, ஏறத்தாழ ஒரு சுற்றுக்கு ஒருமுறை கால் சுற்றுப் பின்னுக்கு வாங்குவார். அப்போது ‘டக்’கென்று ஒரு சிறு ஓசை கேட்கும், சுருண்டு நின்ற இரும்புத்துருவல் முறிந்து விழும் ஓசை அது. குழாயின் முனை டையின் முகத்தோடு சமமாக வந்து நிற்கும்போது வெட்டும் நிற்கும்.

இப்படி வெட்டிய மரை நேராக இருப்பதில்லை, முனையை நோக்கிக் குறுகிச் செல்லும். 16 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் விட்டம் குறையும் அளவுக்குச் சரிவு. சாக்கெட்டில் முதல் சில புரிகள் கையாலேயே ஏறிவிட, அதன்பின் ரெஞ்ச் போட்டால்தான் நகர்வதும், நகர நகர இறுகுவதும் இச்சரிவினால்தான். அரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 21.3 மில்லிமீட்டர் என்று அறிந்தால் சிலர் திடுக்கிடுவார்கள். அந்த அரை அங்குலம் பெயரளவுக்கு மட்டுமே. நீலப்பட்டை போட்ட நடுத்தர வகையில் அதன் சுவர் 2.6 மில்லிமீட்டர் தடிப்பு. மரையின் ஆழம் ஏறத்தாழ 1.16 மில்லிமீட்டர். அப்படியானால் மரை விழுந்த இடத்தில் எஞ்சும் சுவர் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. துத்தநாகப் பூச்சும் அவ்விடத்தில் வெட்டோடு போய்விடுகிறது. மும்பையின் வரிசைக் குடியிருப்புகளான பழைய சால் வீடுகளில் குழாய் எப்போதும் இணைப்பின் ஓரத்திலேயே துருப்பிடித்து ஒழுகுவது இதனால்தான். சிவப்புப்பட்டைக் குழாயின் சுவர் இன்னும் தடிப்பாக இருப்பதால் அதற்குச் சற்றுக் கூடுதலாக விலை கொடுப்பதில் தவறில்லை.

அண்ணாச்சி வெட்டும் மரையின் வடிவம் அவர் கண்டுபிடித்ததல்ல. இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841ஆம் ஆண்டில் திருகாணிகளுக்கு ஒரே சீரான மரை வேண்டும் என்று முன்வைத்த திட்டத்தில், மரையின் இரு சரிவுகளுக்கும் இடையே 55 பாகைக் கோணம் வகுத்தார். பிரிட்டிஷ் குழாய் மரையும், அதன் வழியில் இந்தியத் தரநிலையும் அக்கோணத்தையே கொண்டுள்ளன. அமெரிக்கக் குழாய் மரையின் கோணம் 60 பாகை. இவ்வேறுபாட்டை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடியிருப்பின் மேல்தொட்டிக்கு வெளிநாட்டு வால்வு ஒன்றை, பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று நானே தேடி வாங்கி வந்தேன். அரை அங்குலத்தில் இரு வகைக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான் என்பதால் அது குழாயில் தடையின்றி ஏறிற்று, இறுகவும் இறுகிற்று. விடிவதற்குள் மொட்டைமாடி நனைந்திருந்தது. டேப்பை மும்மடங்காகச் சுற்றியும் பயனில்லை. அண்ணாச்சி வந்து வால்வைக் கழற்றி, ஒளியில் சாய்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது வேற மரை தம்பி, இது நம்ம மரை இல்ல” என்றார். கோணம் என்றோ தரநிலை என்றோ அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மரை என்னும் சொல்லே வடிவத்தோடு வகையையும் சுமக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

எழுத்துப்பற்றியும் சொல்லிவிட வேண்டும். மரை என்று இடையின ரகரத்தில் எழுதுவதா, மறை என்று வல்லின றகரத்தில் எழுதுவதா என்பதில் இரு வழக்கும் அச்சில் காணப்படுகின்றன. பொருத்திய பின் உள்ளே மறைந்துவிடுவதால் மறை என்று காரணம் கற்பிக்கத் தோன்றும். ஆனால் மூடியைத் திறந்து கண்முன் வைத்தாலும் அதற்கு அதே பெயர்தான். மறைக்கு வேதம், ஒளித்தல் என்று ஏற்கெனவே சுமை அதிகம். தெலுங்கு மர என்பதும் ரகரத்தின் பக்கமே நிற்கிறது. சங்கப் பாடல்களில் வரும் மரை ஒரு விலங்கு, மரையா என்பது அதன் பெண். குழாய்க்கடையில் அவ்விலங்கோடு இதனைக் குழப்பிக்கொள்வார் எவருமில்லை. ஆகவே மரை என்றே எழுதுகிறேன்.

‘அவனுக்கு மரை கழன்றுவிட்டது’ என்று கேலியாகச் சொல்கிறோமே, அதை உற்றுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பள்ளமும் மேடுமான மரை தேயலாம், சிதையலாம், கழல முடியாது. கழல்வது மரையுள்ள நட்டோ திருகாணியோதான். உறுப்பின் பெயர் முழுப்பொருளுக்கு ஆகிவந்து, நட்டையே மரை என்று சொல்லும் வழக்கும் நம்மிடம் இருப்பதால் அத்தொடர் பிழைத்துக்கொண்டது. தொழில்நுட்பமாக எழுதும்போது மட்டும் இவ்விரு பொருளையும் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

குழாயின் வெளிப்பக்கம் இருப்பது புறமரை. சாக்கெட்டின் உட்பக்கம் இருப்பது அகமரை. முனை நோக்கிக் குறுகுவதைச் சரிவு மரை என்றும் குறுகாததை நேர்மரை என்றும் சொல்லலாம். அடுத்தடுத்த இரு மேடுகளுக்கு இடைப்பட்ட தொலைவு மரையிடை. அரை அங்குலக் குழாயில் அது 1.814 மில்லிமீட்டர். வேலைக்கு மரை வெட்டுதல் என்பதே போதும். டைக்குப் புறமரைவெட்டி என்று பெயர் வைக்கலாம்; உட்பக்கம் வெட்டும் டேப்புக்கு அகமரைவெட்டி பொருந்தும், டெஃப்லான் டேப்போடு அது குழம்பாமல் இருக்கும் என்பது கூடுதல் வசதி. இப்பெயர்களை அண்ணாச்சியிடம் சொல்லிக் காட்டினேன். அகமரை, புறமரை இரண்டையும் உடனே ஏற்றுக்கொண்டார். புறமரைவெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கு டைன்னா சீக்கிரம் முடியுதே தம்பி” என்று சொல்லி, அடுத்த குழாயை வைஸில் இறுக்கத் தொடங்கிவிட்டார்.