"ரெண்டு பக்கமும் பார்த்தனான் மிஸ்"

போன மாதம் ஒரு ஆட்டோக்கார அண்ணன் முழங்கையில் கட்டோடு என்னிடம் கண் காட்ட வந்தார். திருகோணமலை உப்புவெளியில் கடற்கரை ஒழுங்கையிலிருந்து நிலாவெளி வீதியில் ஏறும்போது, வலப்பக்கமிருந்து வந்த மோட்டார் சைக்கிளோடு மோதியிருக்கிறார். "ரெண்டு பக்கமும் பார்த்தனான் மிஸ். ரோட்டில ஒண்டுமே இல்லை. என்ர கண்ணிலதான் ஏதோ பிழை" என்றார்.

பரிசோதித்தேன். எழுத்துப் பலகையில் 6/6 வரியைத் தடங்கலில்லாமல் வாசித்தார். பக்கப் பார்வை சரி, கண் அழுத்தமும் சரி. தூரப்பார்வையில் பிழையில்லை என்றதும் முகம் வாடிப்போனது. கண்ணாடி எழுதித் தந்திருந்தால் வீட்டில் சொல்ல ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

கைகழுவும் இடத்துக் கண்ணாடி முன் அவரை நிறுத்தினேன். "உங்கட இடது கண்ணைப் பாருங்கோ. இப்ப வலது கண்ணை. திரும்ப இடது. கண்மணி அசையுறது தெரியுதா?"

"இல்லையே, அப்படியே நிக்குது."

"சரி, இப்ப நான் செய்யிறன். என்ர கண்ணைப் பாருங்கோ."

என் கண் அங்குமிங்கும் துள்ளுவதைக் கண்டு சிரித்தார். பிறகு மறுபடி கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்தார். அது அசையவேயில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

இது என் கண்டுபிடிப்பல்ல. அமெரிக்க உளவியலாளர் ரேமண்ட் டொட்ஜ் 1900இலேயே எழுதிவைத்தது. சுற்றிப் பார்க்கும்போது கண் ஓரிடத்தில் தரிக்கும், துள்ளும், இன்னோரிடத்தில் தரிக்கும். செக்கனுக்கு ஏறக்குறைய மூன்று துள்ளல். துள்ளும் நேரத்தில் விழித்திரைப் படம் கலங்கிப்போவதால் மூளை அதை அமுக்கிவிடுகிறது. இடையில் விட்டுப்போனதே நமக்குத் தெரியாது. தரிக்கும் இடத்திலும் கூர்மையாகத் தெரிவது, கையை நீட்டிப் பிடித்த பெருவிரல் நகத்தளவுதான்.

இனிச் சந்திக்கு வருவோம். தலையை ஒரே வீச்சில் திருப்பினால் அந்த வீதியில் கண் தரித்தது இரண்டு மூன்று இடத்தில் மட்டும். 50 மீற்றர் தள்ளி வரும் மோட்டார் சைக்கிள், நீட்டிய கையின் சுண்டுவிரல் நகம் அளவே இருக்கும். அது தரிப்புகளுக்கு நடுவே அகப்பட்டால், பார்த்தும் காணவில்லை. 60 கிலோமீற்றர் வேகத்தில் அந்த 50 மீற்றரைக் கடக்க அதற்கு 3 செக்கன் போதும்.

கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு போகவும் தெரியும், ஆனால் பிடித்துக்கொள்ள ஓடும் பொருள் ஒன்று வேண்டும். கோணேசர் கோயில் மலையில் நின்று, கடலில் போகும் வள்ளத்தைப் பின்தொடருங்கள். கண் அதனோடு வழுக்கிப் போகும். வள்ளமில்லாத வெறுங்கடலில் அப்படியே ஓட்டிப் பாருங்கள். துள்ளும்.

கண்புரைக்கு என்னிடம் வந்த மூதூர் மீனவ ஐயா ஒருவர் சொன்னதை மறக்கவில்லை. கொட்டியாரக் குடாவில் இரவில் லைற் தெரிந்தால், நகர்ந்து போகும் லைற்றுக்குப் பயமில்லையாம், "நிண்ட இடத்திலேயே நிண்டு பெருக்கிற லைற்றுக்குத்தான் பயப்படவேணும் மகள்." 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளும் இதைத்தான் சொல்கின்றன: நெருங்கிவரும் கப்பல் தெரியும் திசை மாறாதிருந்தால் மோதல் ஆபத்து உண்டு.

வீதியிலும் இதே கணக்கு. குறுக்கே போவது நம் பார்வையில் இடம் மாறும். கடைக்கண் சட்டென்று பிடித்துவிடும். பிரட்றிக் கோட்டைப் பக்கம் மரநிழலில் நிற்கும் மான் தெரியாது, காதை அசைத்தால் தெரியும் அல்லவா? மோதும் வழியில் வருவது இடம் மாறாது, பருக்க மட்டும் செய்யும். அதுவும் முதலில் மெல்ல மெல்ல, கடைசி ஒரு செக்கனில் பூதம்போல. "எங்கிருந்தோ வந்து விழுந்தான்" என்று எல்லோரும் சொல்வது பொய்யில்லை. சின்ன வாகனம் என்றால் பருப்பது இன்னும் குறைவாகத் தெரியும். தூரத்தில் மெதுவாக வருவதாகவே தோன்றும். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கணிப்பு இன்னும் முதிர்ந்திருக்காது. "பார்த்துப் போ" என்று தனியே அனுப்பாதீர்கள்.

அண்ணனுக்குச் சொன்னது இவ்வளவுதான். வலப்பக்கம் கிட்ட ஒருதரம், நடுவில் ஒருதரம், தூரத்தில் ஒருதரம் கண்ணை நிறுத்துங்கள். இடப்பக்கமும் அப்படியே. பிறகு மறுபடி வலம். இரண்டாம் தரம் கண் வேறு இடங்களில் தரிக்கும். முன்கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருப்பதைக் காண உடம்பைக் கொஞ்சம் முன்னே சாய்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, சீனி வருத்தக்காரருக்கு. ஒவ்வொரு கண்ணையும் அசைப்பவை ஆறு தசைகள். அவற்றுக்குப் போகும் நரம்பு திடீரென்று சோர்ந்தால் ஒன்று இரண்டாகத் தெரியும். ஒரு கண்ணைப் பொத்தினால் சரியாகிவிடும். பொத்திக்கொண்டு வாகனம் ஓட்டாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வேறு காரணங்களும் இருக்கலாம்.

"அப்ப கண்ணாடி ஒண்டும் வேண்டாமா மிஸ்?" என்று போகுமுன் மறுபடி கேட்டார். வயது நாற்பத்தாறு. கிட்ட வாசிக்க +1.50 எழுதிக் கொடுத்தேன். வீட்டில் அதை எதற்கென்று சொன்னாரோ தெரியாது.