சக்ஸெஷன்: வழிமுறை வளர்ச்சி

எரிமலையோ தீயோ வெள்ளமோ ஓரிடத்தை அழித்த பிறகு, முதலில் சில செடிகள் வந்து ஒட்டிக்கொள்ளும். அவை மண்ணையும் நிழலையும் மாற்ற, அடுத்து வேறு செடிகள் வரும். இந்தத் தொடர் மாற்றத்தைத்தான் சூழலியலில் சக்ஸெஷன் என்கிறார்கள். மூலம் லத்தீன், பின்தொடர்ந்து வருதல், ஒருவர் இடத்துக்கு அடுத்தவர் வருதல் என்று பொருள். அரசுரிமை கைமாறுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான்.

நம் மேல்நிலைத் தாவரவியல் பாடநூலில் இது ‘வழிமுறை வளர்ச்சி’. வழிமுறை என்றதும் இன்று ‘செய்யும் முறை’ என்றுதான் மனதில் படுகிறது. பழைய பொருள் வேறு. ‘தேரான் பிறனைத் தெளிந்தான் வழிமுறை தீரா இடும்பை தரும்’ என்ற குறளில் (508) அது பின்வரும் சந்ததியைக் குறிக்கிறது. அப்படிப் படித்தால் லத்தீன் சொல்லுக்கு அச்சாகப் பொருந்துகிறது.

இதில் இரண்டு வகை உண்டு. அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையில் இரண்டையும் பார்க்கலாம். 1980 மே 18 அன்று அது வெடித்தபோது, மலையின் வடக்கே சுடுசாம்பலும் நுரைக்கல்லும் கொட்டிய சமவெளியில் வேரோ விதையோ மிஞ்சவில்லை. சில ஆண்டுகளில் அங்கே லூபின் என்ற குட்டைச் செடி முளைத்தது. அவரைக் குடும்பம், வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும். காற்றில் வந்த விதைகளும் தூசியும் அதன் இலைகளுக்கிடையே தங்கின. செடி மட்கிய இடத்தில் மற்றவை வேர்பிடித்தன. இது முதல்நிலை.

சற்றுத் தள்ளி, மரங்கள் சாய்ந்த காட்டில் கதை வேறு. மே மாதத்திலும் உருகாத பனிக்கடியில் இளங்கன்றுகள் தப்பின. வளைக்குள் இருந்த கோஃபர் என்ற கொறித்துண்ணிகளும் பிழைத்து, பழைய மண்ணைத் தோண்டிச் சாம்பலுக்கு மேல் தள்ளின. மண் மிஞ்சியதால் இங்கே நடந்தது இரண்டாம் நிலை. பசுமையும் சீக்கிரம் திரும்பியது.

‘வளர்ச்சி’தான் எனக்கு உறுத்துகிறது. 1916இல் அமெரிக்கச் சூழலியலாளர் கிளமெண்ட்ஸ், தாவரக் கூட்டம் ஓர் உயிரைப் போல வளர்ந்து, மேலும் மாறாத இறுதிக் கட்டமான உச்சநிலையை அடையும் என்றார். 1926இல் இன்னொரு அமெரிக்கச் சூழலியலாளர் கிளீசன் அதை மறுத்தார்: எந்த இனம் வரும் என்பதில் தற்செயலுக்கும் பங்குண்டு, முடிவு முன்பே எழுதப்பட்டதல்ல. இன்றைய சூழலியலும் கிளமெண்ட்ஸின் கண்டிப்பான உச்சநிலையை ஏற்பதில்லை. ஆகவே ‘வழிமுறை மாற்றம்’ என்பதே சரி என்பேன். தேர்வெழுதும் பிள்ளைகள் மட்டும் பாடநூல் சொல்லையே எழுதட்டும்.